ஞாயிற்றுக்கிழமைக்குத் துடைத்த முகம்

நாயின் கண்ணைத் துடைப்பதற்கென்று ஒரு முறை இருப்பது தலை நரைத்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை எனக்கும் நாய்களுக்கும் இருந்த சங்காத்தம், கடைவாசலில் வந்து படுத்தால் கயிற்று நுனியால் தரையில் ஓர் அடி அடித்து விரட்டுவதோடு சரி. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்க வேண்டும். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்த துணி வேண்டும், ஓரத்தில் நூல் பிரிந்திருக்கக் கூடாது. காய்ந்து ஒட்டிய பீளையைப் பிய்க்கவே கூடாது. நனைத்த துணியைக் கண்மேல் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தால் அது தானாக இளகிக்கொடுக்கும். பிறகு மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பு. அந்தத் துணியின் வேலை அத்தோடு முடிந்தது, அடுத்த கண்ணுக்கு வேறு துணி. பொறுமை என்ற சொல்லுக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று என் மனைவி சொல்வாள். அப்படிப்பட்டவன்தான் தினமும் காலையில் கடை திறந்ததும் ஒரு நாயின் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குக் கோவில்பட்டி பஜாரில் கயிற்றுக்கடை. தாம்புக்கயிறு, மூக்கணாங்கயிறு, சாக்கு, தார்ப்பாய், ஆட்டின் கழுத்தில் கட்டும் வெண்கல மணி எல்லாம் கிடைக்கும். கடைக்குப் பின்னாலேயே வீடு. சுற்றிலும் உள்ள கரிசல் கிராமங்களில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகளும் ஆட்டுக்காரர்களும்தான் வாடிக்கை. அவர்களில் புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் உண்டு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைப் பாய் என்பார். மணி வாங்க வந்தால் அரை நாள் போய்விடும். ஒவ்வொரு மணியாகக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு மணியை வாங்கவே மாட்டார்.

“எல்லாத்துக்கும் ஒரே சத்தம்னா எந்த ஆடு எங்கன நிக்குன்னு எப்படித் தெரியும் பாய்?” என்பார்.

“அதுக்குத்தான உமக்குக் கண்ணு இருக்கு,” என்பேன் நான். 

“கண்ணு எனக்கு இல்ல, இவளுக்கு,” என்று பக்கத்தில் நிற்கும் நாயைக் காட்டுவார்.

அந்த நாய் கன்னி ஜாதியும் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை, இரண்டும் கலந்தது. கறுப்பு உடம்பு, ஒட்டிய வயிறு, கால் நான்கும் குச்சி. அவர் அதற்குப் பேர் எதுவும் வைக்கவில்லை. ‘ஏட்டி’ என்று கூப்பிடுவார், அது வரும். மேய்ச்சலில் ஓர் ஆடு பிரிந்து கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் போனால் இது ஒரு பார்வை பார்க்குமாம், ஆடு திரும்பி வந்துவிடுமாம். அண்ணாச்சியின் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். ஆனாலும் அவருடைய ஆடு காணாமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவருக்கு மேய்ச்சல்காடு போய்விட்டது. தரிசாகக் கிடந்த நிலத்தில் சோலார் தகடுகளை நிறுத்திக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். மிச்ச நிலத்தில் மக்காச்சோளம், அதற்குக் களைக்கொல்லி. மருந்தடித்த வரப்பில் மேய்ந்து நான்கைந்து ஆடுகள் ஒரே நாளில் வயிறு ஊதிச் செத்தன. மழையும் ஏமாற்றியது. மிச்ச ஆடுகளை எட்டயபுரம் சந்தையில் விற்றுவிட்டு, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பினார். அங்கேயே ஹாஸ்டலில் சமையல் வேலை கிடைத்து அவர் மனைவி முன்னாலேயே போயிருந்தார். கிளம்பும் நாளன்று மணிகளையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார். கூடவே நாயும் வந்தது. ஊரில் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாராம். அது பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறது. பாதி வழியில் மனசு கேட்காமல் இறங்கி, மிச்சத் தூரத்துக்கு ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து இரண்டு பேரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

“ஒரு மாசம் வச்சிருங்க பாய். அங்கன ஒரு ரூமு பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிருதேன். மழ தண்ணி நல்லா இருந்தா தையில வந்து நாலு குட்டி பிடிச்சிருவேன். அப்ப இவ வேணும். இவ இருந்தா ஆட்டுக்கிட தானாச் சேரும்.”

“அண்ணாச்சி, நான் முஸ்லிம். என் வீட்டுல நாய் வச்சுக்கிட மாட்டோம்.”

“வீட்டுல யாரு வைக்கச் சொன்னா? கடையில வைங்க.”

மணிச் சாக்கையும் என்னிடமே விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார். அது கடை வாசலில் நின்றுகொண்டு அவர் போன திசையையே பார்த்தது. அப்போதுதான் நான் அதன் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். இடது கண் முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. வலது கண்ணின் ஓரங்களில் மஞ்சளாகப் பீளை கட்டி, அதன்மேல் கரிசல் புழுதி அப்பி, கறுப்பாக இறுகிப் போயிருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் கோடு கோடாகக் காய்ந்த அழுக்கு. ஈ மொய்த்தது. அது தலையை உதறிக்கொண்டே இருந்தது. உதறி என்ன ஆகப்போகிறது, ஈ திரும்பவும் வந்து உட்கார்ந்தது.

என் மனைவிக்குப் பிறந்த ஊர் காயல்பட்டினத்துப் பக்கம். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் சேர்த்துக் கழுவ வேண்டும் என்பது அவர்கள் பேணும் சட்டம். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கடையின் பின்பக்கக் குழாயடியில் ஒரு சிவப்புக் குவளையையும் ஒரு சிரட்டை நிறைய மண்ணையும் கொண்டுவந்து வைத்தாள்.

“இந்தாங்க, அல்லா படச்ச உயிரு, பாக்க வேணாம்னு நான் சொல்லல. ஆனா கழுவாம நடையத் தாண்டி உள்ள வரப்படாது,” என்றாள்.

முதலில் நான் கண்ணைத் துடைக்கவெல்லாம் போகவில்லை. ஒரு குவளைத் தண்ணீரை முகத்தில் வீசினேன், அது பயந்து சாக்குக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இரண்டாம் நாள் வலது கண் திறக்கவே இல்லை. பீளை இமைகளை ஒட்டிவிட்டது. ஆட்டோ பிடித்துக் கால்நடை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயதுப் பெண். பஞ்சை நனைத்து மெதுவாக இமையைத் திறந்து, மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கீழிமைக்குள் செருகிவிட்டுக் காத்திருந்தார். என்ன பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்து என்னிடம் காட்டினார். காகிதம் நனையவே இல்லை.

“கண்ணுல தண்ணி ஊறல ஐயா. ஊறினாத்தான் தூசி தானா வெளிய வரும். இதுக்கு அது வத்திப்போச்சு. அதான் இவ்வளவு பீளை.”

நான் நேர்மாறாக நினைத்திருந்தேன். ஒழுகுகிற கண்ணென்று நினைத்தது வறண்ட கண்ணாம். 

“குணமாயிருமா?”

அவர் பொய் சொல்லவில்லை. இடது கண் போனது போனதுதான் என்றார். வலது கண்ணில் இன்னும் பார்வை இருக்கிறது, அதையும் குணப்படுத்த முடியாது, போகாமல் பிடித்துவைக்கப் பார்க்கலாம் என்றார். நாள் முழுக்க விட்டு விட்டு ஒரு சொட்டு மருந்து, ராத்திரிக்குக் களிம்பு, முகம் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும், தூசி தங்கக் கூடாது. துடைக்கும் முறையைச் செய்து காட்டினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும் என்றார். கிளம்பும்போது வாசல் வரை வந்து, “யார் என்ன சொன்னாலும் வேற எதையும் கண்ணுல விட்டுராதீங்க,” என்றார்.

ஆகத் தொடுவதற்கு முன்னால் டாக்டருக்காகச் சோப்பு, தொட்ட பின்னால் மார்க்கத்துக்காக மண். என் கை என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. கயிறு முறுக்கி முறுக்கிக் காய்த்துப்போன விரல்களெல்லாம் கல்யாணப் பெண்ணின் விரல் மாதிரி வெளுத்துவிட்டன.

கோவில்பட்டியில் ஒரு முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்பது என்ன காரியம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கரிசல்காடு வாய் பிளந்து கிடக்கும். ஆடியில் காற்று கிளம்பினால் அந்தக் காடெல்லாம் எழுந்து பஜாருக்குள் வந்துவிடும். காலையில் துடைத்த கல்லாப்பெட்டியில் மத்தியானம் விரலால் கையெழுத்துப் போடலாம். நான் நாயைக் கடைக்குள் ஆக உள்ளே, தார்ப்பாய்ச் சுருள்களுக்கு நடுவில் படுக்கவைத்தேன். வாசலுக்கு நனைத்த சாக்கைத் தொங்கவிட்டேன். எவ்வளவு செய்தாலும் மருந்து விட்ட கண்ணில் புழுதி வந்து ஒட்டத்தான் செய்தது. துடைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் கண்ணோரத்தில் மறுபடியும் ஒரு கறுப்புப் பொட்டு. எனக்கு அழுகையே வந்துவிடும். கோபமும் வரும். யார்மேல் கோபப்படுவது, காற்றின்மேலா?

வருகிறவர்கள் வேறு சும்மா இருப்பதில்லை. நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டச் சொன்னார் ஒருவர். விளக்கெண்ணெய் என்றார் இன்னொருவர். தாய்ப்பால் பீய்ச்சினால் மூன்றே நாளில் தெளிந்துவிடும் என்று ஒரு சம்சாரி அடித்துப் பேசினார். “சரி, நீரே போய்த் தெருவுல ஒரு கைப்பிள்ளக்காரிகிட்ட கேட்டு வாங்கிட்டு வாரும், நாய்க்குன்னு சொல்லும்,” என்றேன். அவர் கயிறு வாங்காமலே போய்விட்டார். என் மனைவிக்கு வேறொரு மனத்தாங்கல். கடையிலிருந்து நான் “ஏட்டி, வா, கண்ணக் காட்டு, என் ராசாத்தில்லா” என்று கெஞ்சுவது உள்ளே கேட்கும். “முப்பது வருசத்துல என்னய ஒரு நாளாவது இப்படிக் கூப்பிட்டிருப்பீங்களா?” என்றாள். நியாயமான கேள்விதான்.

துடைத்து முடித்து மருந்து விட்டபின் ஒரு சோதனை செய்வேன். எழுந்து தள்ளிப்போய், சத்தம் காட்டாமல் வெள்ளைத் துணியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மெதுவாக நகர்த்துவேன். அந்த வலது கண் கூடவே நகரும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தேநீர் இறங்கும். அந்தக் கண்ணில் என்ன தெரிந்ததோ, எவ்வளவு தெரிந்ததோ, நகர்ந்தது, அது போதும். ஒரு கண்மேல் இத்தனை ஆசை வைப்பேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். வாடிக்கைக்காரர் யாராவது ஆட்டு மணியை எடுத்து ஆட்டினால் அது எங்கே படுத்திருந்தாலும் எழுந்து வரும். வாசலில் நின்று, ஒரு கண்ணால் பஜாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்க்கும். பைக்கும் தள்ளுவண்டியும்தான் போகும். ஆடு எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்து படுத்துவிடும். அது படுக்கும் விதத்தில் ஏமாற்றம் எல்லாம் இருக்காது. வேலையைப் பார்த்தாகிவிட்டது, இல்லை, சரி என்கிற மாதிரி படுக்கும்.

ஒரு மாதம் என்று போனவருக்கு அறை கிடைக்கவில்லை. மில்லுக்குள் நாயை விட மாட்டார்கள் என்று போனில் சொன்னார். தை வந்தது, அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் மட்டும் வந்தது. முதலில் அதன் கண்ணைத்தான் கேட்பார். டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், நான் விட்டுக்கொண்டிருக்கிறேன் என்பேன். “அவ கண்ணு இருக்க வரைக்கும் நான் ஆட்டுக்காரந்தான் பாய். இங்கன சும்மா யூனிபார்ம் போட்டுட்டு நிக்கேன், அவ்வளவுதான்,” என்பார். வேடிக்கையாகத்தான் சொல்வார். எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

பங்குனியில் அவருடைய ஊரில் கோயில் கொடை. இரண்டு நாள் லீவு போட்டு வந்தவர், திரும்பிப் போகும் வழியில் கடைக்கு வந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவர் தெரு முனையில் வரும்போதே நாய் எழுந்துவிட்டது. ஓடிப்போய் அவர் காலைச் சுற்றிச் சுற்றி, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அதுவரை அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. அவர் அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

“ஏ பாய், எங்க வீட்டுப் பிள்ளைக கூட இம்புட்டுச் சுத்தமா இருந்ததில்லையே! பவுடர் போட்டீயளோ?” என்று சிரித்தார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். கடையை அடைக்கப்போனேன். “ஏன் அடைக்கிய? பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு. நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்,” என்றார். எத்தனை வருஷப் பழக்கம். கல்லாப்பெட்டிச் சாவியையே அவரிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனேன்.

தொழுதுவிட்டுத் திரும்பி வந்தபோது அண்ணாச்சி சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். நாய் அவர் மடியில் தலை வைத்து மல்லாந்த மாதிரிக் கிடந்தது. அவருடைய உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நாயின் வலது கண் இறுக மூடியிருந்தது. கன்னமெல்லாம் ஈரம், அந்த ஈரத்தில் சீரகத் துணுக்குகள்.

“பூ விழ ஆரம்பிச்சிருக்கு பாய், ஓரத்துல லேசா. நீங்க நல்லாத் தொடச்சு வச்சிருக்கப் போய்த்தான் என் கண்ணுல பட்டுச்சு, இல்லன்னா தெரிஞ்சிருக்காது. அந்தக் கண்ணுதான் போச்சு, இந்தக் கண்ணயாவது காப்பாத்துவோம்னு பக்கத்து ஓட்டல்ல கல்லுப்பும் சீரகமும் வாங்கி, மென்னு ஊதிவிட்டேன்.”

கரிசல் பக்கத்து ஆட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வைத்தியம் அது. ஆட்டின் கண்ணில் வெள்ளை படர்ந்தால் அதைப் பூ விழுந்தது என்பார்கள். உப்பைச் சீரகத்தோடு வாயில் போட்டு மென்று, அந்தச் சாற்றோடு கண்ணுக்குள் ஊதுவார்கள். அவர் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான ஆடுகளுக்கு ஊதியிருப்பார். ஆடு துள்ளும், இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும்.

“இவ கொஞ்சங்கூட அசையல பாய். அப்படியே மடியில கிடந்தா. நல்லதுக்குத்தான்னு அவளுக்குத் தெரியும்லா.”

ஒரு சொட்டுக் கண்ணீர்கூட ஊறாத கண்ணில் உப்பு. நான் மருந்துப் புட்டியைக் காட்டினாலே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி என்னை அலைக்கழிக்கும் நாய், அவர் ஊதியபோது அசையாமல் கிடந்திருக்கிறது. உள்ளே ஓடிப்போய் ஆறவைத்த தண்ணீர்ச் செம்பை எடுத்துவந்து, அவர் மடியென்றும் பார்க்காமல் அதன் கண்ணில் ஊற்றினேன்.

“ஏன் பாய் கழுவுதீங்க? உள்ள இறங்கட்டும்,” என்று கையைப் பிடித்தார்.

“விடும் அண்ணாச்சி!” என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணாச்சி கையை எடுத்துக்கொண்டார். வேட்டியெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தார். முகம் சின்னதாகப் போய்விட்டது. “டாக்டர் வேற மருந்து விடப்படாதுன்னு சொல்லியிருக்காவ,” என்று சமாளித்தேன். “நான் எத்தன உசுருக்கு ஊதியிருக்கேன் தெரியுமா,” என்றார், என்னைப் பார்க்காமல். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போகும்போது அதன் நெற்றியில் கை வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் பார்த்தார். கண்ணின் மேல்தோல் புண்ணாகிவிட்டது என்றார். நான் நடந்ததைச் சொன்னபோது அவர் திட்டவில்லை, பெருமூச்சு விட்டார். ஆட்டுக்கு வருவது வேறு நோய், அது சில வாரத்தில் தானாகவே தெளிந்துவிடும், குணமாக்கிய பெயர் உப்புக்குப் போய்விடும் என்றார். நல்ல கண்ணாக இருந்தால் தண்ணீரைக் கொட்டி உப்பை வெளியே தள்ளியிருக்கும். இதற்கு எதைக் கொண்டு தள்ளுவது? மருந்தை மாற்றிக் கொடுத்தார். நான் கடையைப் பாதிநேரம் சாத்திவைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விடாமல் துடைத்தேன், சொட்டு விட்டேன். புண் ஆறிற்று. ஆறிய இடமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஒரு காலையில் வெள்ளைத் துணியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினேன். மறுபடியும் நகர்த்தினேன். கண் முதலில் இருந்த இடத்திலேயே நின்றது. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனேன். குடிக்க முடியவில்லை.

அவர்மேல் எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நேரில் இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் சில வாரம் கூப்பிடாமல் இருந்துவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை போனில், “பாய், கண்ணு எப்படி இருக்கு? கோவமா இருக்கீயளோ?” என்று அவர் கேட்ட குரலில் என் ஆத்திரம் எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை. நான் ஏதாவது சொல்வதற்குள் அவரே பேசினார். மில்லில் பஞ்சுத்தூசி, இருமல் விட மாட்டேன் என்கிறது, பரவாயில்லை, தையில் வந்துவிடுவேன், இவள் இருக்கிறாளே என்றார்.

“தெளிஞ்சிட்டு வருது அண்ணாச்சி,” என்றேன்.

வாய் தவறி வந்த பொய் இல்லை. தெரிந்தேதான் சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பார்வை போன கண்ணிலும் பீளை வருவது நிற்பதில்லை. மருந்து விடாவிட்டால் வலிக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆகவே வேலை ஒன்றும் குறையவில்லை. அதே கொதித்து ஆறிய தண்ணீர், அதே வேட்டித் துணி, முன்னால் சோப்பு, பின்னால் மண். குறைந்தது அந்தக் காலைச் சோதனை மட்டும்தான். கடைக்குள் அது நடை பழகிவிட்டது. சாக்குக் கட்டு எங்கே, கயிற்றுப் பந்து எங்கே என்று தெரியும். நான் எதையும் இடம் மாற்றுவதில்லை. சரக்கு வந்து இறங்கும் நாளில் மட்டும் முட்டிக்கொள்ளும்.

மணிச் சத்தம்தான் தாங்க முடியாததாகிவிட்டது. முன்பு எழுந்து வந்து பார்க்கும், ஆடு இல்லை என்று தெரிந்ததும் படுத்துவிடும். இப்போது இல்லை என்று அதற்கு எப்படித் தெரியும்? மணி ஒலித்தால் எழுந்து வாசலுக்கு வரும், காதைத் தூக்கி நிற்கும், அந்தப் பக்கம் இரண்டடி, இந்தப் பக்கம் இரண்டடி வைக்கும். மணியை வாங்கியவர் பையில் போட்டுக்கொண்டு போய் வெகுநேரமான பிறகும் தேடிக்கொண்டே நிற்கும். ஒரு தடவை நடுரோட்டுக்கே போய்விட்டது. அதற்கப்புறம் கடை மணிகளையும் அண்ணாச்சி விட்டுப்போன மணிகளையும் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்துவிட்டேன். யாராவது மணி கேட்டால் சரக்கு இல்லை என்று அனுப்பிவிடுகிறேன்.

அண்ணாச்சிக்கு வேறொரு போன் கிடைத்தது. மில்லில் யாரோ கழித்துப்போட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில்தான் கூப்பிடுகிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு தடவை துடைக்கிறேன். அவர் கூப்பிடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு முறை முகத்தைத் துடைத்து, மூக்கோரத்துக் கோடுகளைத் தேய்த்து எடுத்து, இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டுவிடுவேன். மருந்து விட்டவுடன் குருட்டுக் கண்ணும் பளபளக்கும். வெளிச்சம் முன்னாலிருந்து விழாமல், நிழலில் வைத்துப் பிடிப்பேன். அவருடைய போனில் படம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும் என்பதும் எனக்குச் சாதகம்.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். ஆள் மெலிந்துவிட்டார். தொப்பியை எடுத்துவிட்டு, “ஏட்டி,” என்றார். அதன் காது இரண்டும் நிமிர்ந்தன. குரல் வந்த பக்கம், நேராகப் போனைப் பார்த்து முகத்தைத் திருப்பியது.

“பாக்கா பாருங்க பாய். எம்புட்டுத் தெளிவாப் பாக்கா!”

“ஆமா அண்ணாச்சி.”

“அன்னைக்கு நான் ஊதுனது பிடிச்சிருச்சு. நீங்கதான் கெடந்து குதிச்சிய.”

“பிடிச்சிருச்சு அண்ணாச்சி,” என்றேன்.

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது. தையில் வந்துவிடுவதாகச் சொன்னார். எந்தத் தை என்று நான் கேட்பதில்லை. பிறகு, “பாய், அந்த மணியில ஒண்ண எடுத்து ஆட்டுங்களேன். எப்படி எந்திரிச்சுப் பாக்கான்னு பாப்போம். கண்ணுக்குள்ளயே நிக்கு,” என்றார்.

சரக்கு இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவருடைய மணிகள் அவை. மேல்தட்டிலிருந்து துணியைப் பிரித்து ஒன்றை எடுத்தேன். ஒரு தடவை ஆட்டினேன். அது விசுக்கென்று எழுந்தது. காதைத் தூக்கி நின்றது, பிறகு வேகமாகப் போனின் படத்தைவிட்டு வெளியே போய்விட்டது.

“பாத்தியளா, பாத்தியளா! ஆட்டத் தேடிப் போயிட்டா!” என்று அங்கே குதூகலம். “காட்டுங்க பாய், அவளக் காட்டுங்க.”

நான் போனை என் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டேன். “வெளிய போயிட்டா அண்ணாச்சி. வாசல்ல நின்னு பாக்கா,” என்றேன்.

பேசி முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். முந்தின நாள் வந்து இறங்கிய தார்ப்பாய்ச் சுருள்களுக்கும் சுவருக்கும் நடுவில் முகத்தை இடித்துக்கொண்டு நின்றது. காது இன்னும் தூக்கியபடி இருந்தது. அதைப் பின்னால் இழுத்து உட்காரவைத்தேன். மருந்தின் ஈரத்தில் தூசியெல்லாம் முகத்தில் அப்பியிருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, வேறு துணி எடுத்தேன்.